க்யூமெல் வீட்டு அறுவடை

ஆறாயிரம் மார்க். தியோபால்ட் க்யூமெல் தன் பரம்பரைப் பெயருக்குச் சொன்ன விலை அது. எங்கள் ஹாலே ஊரில் அந்தப் பணத்துக்கு ஒரு வீடும் இரண்டு குதிரையும் வாங்கலாம்.

எங்கள் பேச்சில் க்யூமெல் என்றால் சீமைச்சீரகம். கறுப்பு ரொட்டியிலும், முட்டைக்கோஸிலும், பன்றி வறுவலிலும், சாராயத்திலும் விழுகிற அதே சரக்கு. ஆறு தலைமுறையாக அதை விற்கும் தன் குடும்பம்தான் அந்தச் செடிக்கே பெயர் கொடுத்தது என்று நம்பினார் மனிதர். செடியை அவர் பார்த்தது மூட்டைக்குள் மட்டும்.

ஹாம்பர்க் சாராய ஆலை முதலாளி ஃபென்ஸ்கே, புட்டியில் க்யூமெலின் பெயரையும் முகத்தையும் அச்சடிக்கச் சம்மதித்தார். ஆனால் குடும்ப வயலில் அறுவடையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம் தருவாராம். குடும்பத்துக்கு ஏது வயல்? தரகனான என்னைக் கூப்பிட்டார் க்யூமெல். கிராமத்து விதவை ஹெட்விக்கிடம் நின்ற விளைச்சலை முந்நூறு மார்க்குக்கு முடித்துக்கொடுத்தேன். விதைத்த வருஷம் வெறும் இலையைக் காட்டிவிட்டு, மறுவருஷம்தான் காய்க்கிற பயிர். ஈராண்டு காத்தவள் அவள்.

அறுவடைக்கு முந்தின நாள், போகிறபோக்கில் அவள் க்யூமெலிடம் சொன்னாள்:

"விடியறதுக்குள்ள அறுத்துடுங்க ஐயா. பனி ஈரம் இருக்கணும். வெயில் ஏறிட்டா தொட்டாலே கொட்டிப்போகும்."

"இந்தாம்மா, க்யூமெல் வீட்டுக்கே சீரகம் சொல்லித் தர்றியா? ரயிலு பதினோரு மணிக்குத்தான் வருது. போட்டோக்காரனுக்கும் வெயில் வேணும்."

"வெயிலு தாராளமா கிடைக்கும்," என்றாள் அவள்.

கிடைத்தது. ஜூலை மாத நண்பகலில் பித்தளை வாத்தியக் குழு முழங்க, வெள்ளைக் கையுறை மாட்டிய க்யூமெல் புத்தம்புது அரிவாளோடு வயலுக்குள் இறங்கினார். பின்னால் பத்து உறவினர்கள், பட்டுப் பாவாடைகளோடு. அவர்கள் நடந்த இடமெல்லாம் சடசடவென்று மழைச் சத்தம். கைதட்டல் என்று எண்ணிய க்யூமெல், திரும்பி ஒரு கும்பிடு வேறு போட்டார். படம் சரியாக விழவில்லை என்று வயலை இன்னும் இரண்டு முறை சுற்றவைத்தான் போட்டோக்காரன்.

ஃபென்ஸ்கே ஒரு கொத்தை ஒடித்து உள்ளங்கையில் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

"என்ன க்யூமெல், உங்க குடும்பம் துடைப்பம்தான் பயிர் பண்ணுதா?"

க்யூமெல் ஹெட்விக்கைக் கை காட்டி, இவள் ஏமாற்றிவிட்டாள் என்று சாதித்தார். ஃபென்ஸ்கே அவளைப் பார்த்தார்.

"நின்னதை வித்தேன். கொட்டினதும் அவருதுதான். பொறுக்கிக்கட்டும்," என்றாள்.

ஃபென்ஸ்கே இரண்டு மணி ரயிலில் ஏறும்போது என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பேரு நல்ல பேருதான். அதை ஆளில்லாம வாங்க முடியுமான்னு பாருங்க."

நான் வயலுக்குத் திரும்பி வந்தபோது க்யூமெல் வரப்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். செலவு: விளைச்சலுக்கு முந்நூறு, வாத்தியத்துக்கு நாற்பது, படத்துக்குப் பதினைந்து, எனக்குத் தரகு ஒன்பது. வரவு: வலது பூட்ஸில் ஒரு கைப்பிடி சீரகம், இடதில் அரை.