அரைக் கரண்டி

அவன் தன் சாப்பாட்டை மாடிப்படிக்கு மாற்றிக்கொண்டு நான்கு மாதமாகியிருந்தது. வேலை முடிந்து வருவான். கையில் அப்பியிருக்கும் கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான். மனைவி மூடிக் கொடுக்கும் தட்டை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகும் படியில் உட்கார்ந்து நாலே வாயில் விழுங்குவான். பிறகு வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி வீட்டுக்குள் நுழைவான். முன்னறைக் கட்டிலில் அக்கா படுத்திருப்பாள். அவள் கண்ணெதிரே ஒரு பருக்கையைக்கூட வாயில் போட அவனுக்கு மனம் வரவில்லை.

அக்கா அவனைவிட ஐந்து வயது மூத்தவள். இருபத்தாறு வருஷம் சைக்கிளில் தபால் கொண்டுபோனவள். கல்யாணம் என்று யாராவது பேச்சை எடுத்தால், "என் சைக்கிள் வேகத்துக்கு ஈடுகொடுக்கிறவன் வந்தா சொல்லுங்க" என்று சிரித்தே தட்டிக் கழித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சைக்கிளோடு சாய்ந்தாள், கடிதங்களெல்லாம் தெருவில் சிதறின. கல் தடுக்கியது என்றாள். அடுத்த வாரம் கல்லே இல்லாத இடத்தில் சாய்ந்தாள். தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன, இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். முதலில் கால் போயிற்று, பிறகு கை, பிறகு நாக்கு. விழுங்குவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்கு இறங்க ஆரம்பித்ததும் வயிற்றில் குழாய் வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை அவன் மனைவி கஞ்சியைக் கரைத்து, வடிகட்டி, அந்தக் குழாய் வழியாக விடுவாள். பேச்சு குழறிப் போனது. அது வீட்டில் இருந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் புரியும். புத்தி மட்டும் தீட்டிய கத்தியாக அப்படியே இருந்தது.

கோடை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"டேய் வாலு, இன்னிக்கு வெளியில சாப்பிடப் போலாம்."

நாற்பத்தாறு வயதிலும் அவன் அவளுக்கு வாலுதான். தன் காதில் தவறாக விழுந்துவிட்டது என்று நினைத்து அவன் கிட்டத்தில் குனிந்தான். அவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

இருவரும் சம்பாதிக்கத் தொடங்கிய வருஷத்திலிருந்து நடந்துவந்த வழக்கம் அது. கோடையில் கடைக்காரர்கள் மேசை நாற்காலிகளை வாசலில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஞாயிறு தவறாமல் அக்காவும் தம்பியும் நடக்கும் தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒரு கடைக்குப் போவார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே பண்டத்தைச் சொல்லக் கூடாது, பாதி தின்றதும் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகு மனைவியையும் இழுத்துப் பார்த்தார்கள். "உங்க எச்சில் வியாபாரத்துக்கு நான் வரலை சாமி" என்று அவள் இரண்டாவது வாரமே கழன்றுகொண்டாள்.

"எப்படிக்கா? நீ எப்படி..."

"நான் பாக்கறேன். நீ தின்னு. நாலு மாசமா மாடிப்படியில ஒளிஞ்சு தின்றியே, எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? கையும் காலும்தான்டா போச்சு. மூக்கு இருக்கு."

சமையலறையில் அவன் மனைவி சிரிப்பை அடக்குவது கேட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல அவன் நின்றான்.

மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரிலுள்ள பாதி லிஃப்டுகளின் மோட்டாரையும் கம்பியையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்பவன் அவன். அவன் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் படிதான். மனைவி ஒரு வேட்டியைக் குறுக்காகச் சுற்றி அக்காவை அவன் முதுகோடு சேர்த்துக் கட்டினாள்.

"பாத்துப் போங்க. அண்ணி தலையைச் செவுத்துல இடிச்சிராதீங்க."

"லிஃப்ட்காரன் முதுகுலயே லிஃப்டா!" என்றாள் அக்கா, அவன் காதோரம். எச்சில் அவன் தோளில் வழிந்தது. அவளை முதுகில் ஏற்றியபோதுதான் அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. பஞ்சு மூட்டை. ஒவ்வொரு படியாக இறங்கினான்.

"உப்பு மூட்டை," என்றாள் அவள்.

அவர்கள் வளர்ந்த குடியிருப்பில் நான்கு கட்டடங்கள், நடுவில் சிமெண்டுத் தரை. கோடை விடுமுறை என்றால் காலையில் இறங்கிய பிள்ளைகள் உள்ளங்கால் கொப்புளித்தால்தான் வீடு திரும்புவார்கள். ஓடிப்பிடித்து, நொண்டி, கண்ணாமூச்சி, எதிலும் அக்காவை வெல்ல ஆள் கிடையாது. உப்பு மூட்டைப் பந்தயத்தில் மற்றவர்கள் ஒல்லிப் பிள்ளையாகப் பார்த்து முதுகில் ஏற்றிக்கொள்ளும்போது, அவள் தொப்பையும் தொந்தியுமாக இருந்த தம்பியைத்தான் ஏற்றிக்கொள்வாள். "என் மூட்டை இவன்தான்" என்பாள். அவன் அவள் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவான். அவள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே முதலாவதாகக் கதவைத் தொடுவாள்.

ஏழு வயதில் ஒருநாள் ஒளிந்துகொள்வதற்காக அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த மதில்மேல் ஏறிவிட்டான். இறங்கத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் கீழே நின்று கேலி செய்தார்கள். அக்கா அவர்களை விலக்கிக்கொண்டு வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். "குதிடா, நான் பிடிச்சுக்கறேன்." அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, குதித்துவிட்டான். அவனுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. அவளுடைய முன்கை எலும்பு முறிந்தது. அம்மாவிடம், "ஓடுறப்ப விழுந்துட்டேன்" என்றாள். பொம்பளைப் பிள்ளைக்கு என்ன ஓட்டம் என்று அம்மா அந்த விடுமுறை முழுக்க அவளை வீட்டுக்குள்ளேயே உட்கார்த்தி வைத்தாள். கையில் கட்டோடு ஜன்னலில் நின்று மற்றவர்கள் விளையாடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அவள் உண்மையைச் சொல்லவில்லை.

படியடியில் வைத்திருந்த சக்கர நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து அவன் தள்ளிக்கொண்டு போனான். மீன் கடைக்காரம்மா அதைப் பார்த்ததும் முகம் மாறினாள். உடனே சமாளித்துக்கொண்டு, மர நிழலிலிருந்த மேசையைத் துடைத்துக் காட்டினாள். அக்கா இரண்டு தட்டுச் சொன்னாள். ஒன்றில் வறுத்த மீன், இன்னொன்றில் சுட்ட கோழி. அவன்தான் அதைக் கடைக்காரம்மாவுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னான்.

முதல் வாயை அவன் மெல்லாமலே விழுங்கப் பார்த்தான்.

"மெல்லு. எப்படி இருக்குன்னு சொல்லு."

"நல்லா இருக்குக்கா."

"நல்லா இருக்காம்! இதைக் கேக்கவா மூணு மாடி இறங்கி வந்தேன்? தோல் மொறுமொறுன்னு இருக்கா? உப்பு சரியா? முள்ளுக்குப் பக்கத்துல இருக்கிறது வெந்திருக்கா?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். ஆரம்பத்தில் தேர்வு எழுதும் பிள்ளை மாதிரி சொன்னான். பிறகு தோல் எப்படி நொறுங்கியது, எண்ணெய் எப்படி நாக்கில் பரவியது, ஓரத்தில் கருகிய துண்டுதான் எல்லாவற்றிலும் ருசி என்றெல்லாம் சொல்லச் சொல்ல, அவனுக்கே பசிப்பது தெரிந்தது. நான்கு மாதத்தில் முதல்முறையாக அன்றுதான் அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். பாதியானதும் அக்கா, "மாத்து" என்றாள். அவன் மீன் தட்டைத் தள்ளிவிட்டுக் கோழியை இழுத்துக்கொண்டான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "மிளகு அதிகம்" என்றான். "ஆமாமா, மிளகுதான்" என்றாள் அவள்.

பக்கத்து மேசையில் ஒரு சின்னப் பெண் அக்காவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் அதன் தலையைத் திருப்பித் திருப்பி விட்டாள். அக்கா அந்தக் குழந்தையைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினாள். இமைகள் மட்டும் இன்னும் அவள் சொல் கேட்டன.

அப்படியே நான்கு ஞாயிறு போயின. சூப்புக் கடை, ரொட்டிக் கடை, ஆற்றோரத்துக் கடை. அவன் கன்னம் கொஞ்சம் தேறியது. வீட்டிலும் மாடிப்படிக்குப் போவதை விட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

ஐந்தாவது ஞாயிறு வெயில் நெருப்பாக இருந்தது. ஐஸ்கிரீம் கடை வாசலில், விரித்த குடைக்குக் கீழே உட்கார்ந்தார்கள். மாம்பழ ஐஸ்கிரீம் ஒரு கிண்ணத்தில் வந்தது. அவன் கரண்டியை எடுத்தபோது அக்கா சொன்னாள்:

"எனக்கு ஒரு வாய் குடுடா."

அவன் கை அப்படியே நின்றது.

"வேணாம்க்கா. டாக்டர் சொல்லியிருக்கார்ல."

"கரைஞ்சதுல அரைக் கரண்டி. நாக்குல வச்சா போதும்."

"அது உள்ள இறங்கி ஏதாவது ஆச்சுன்னா? அக்கா, தயவுசெஞ்சு..."

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. எதையோ எடைபோடுவது போலப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் குதிடான்னப்ப யோசிச்சியா?"

"அப்ப எனக்கு ஏழு வயசுக்கா."

"ஆமா. இப்ப பெரிய மனுஷன்."

சிரித்தாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அன்று அவன் சாப்பிடவும் இல்லை. கிண்ணத்தில் ஐஸ்கிரீம் உருகி மஞ்சள் தண்ணீரானது. வீட்டுக்கு வந்து படியேறும்போது அவள் அவன் முதுகில் தூங்கிப்போயிருந்தாள்.

பதினோராம் நாள் காய்ச்சல் கண்டது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மூன்றாம் நாள் காலை, நர்ஸ் திரையை விலக்கி வெளிச்சம் விட்ட நேரத்தில் அக்கா போய்விட்டாள். அவளோடு வேலை பார்த்த தபால்காரர்கள் சைக்கிளிலேயே வந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைசிவரை கூட நடந்தார்கள்.

அதன்பின் அவன் வேலைக்குப் போனான், வந்தான். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. பேச்சுவார்த்தையும் குறைந்துவிட்டது. மூன்றாவது வாரம் ஒருநாள் மத்தியானம், ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் நின்று நட்டை முடுக்கிக்கொண்டிருந்தவனுக்குக் கண் இருட்டியது. கூட வேலை செய்தவர் அவனைப் பிடித்து உட்கார்த்தி, வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். வேளை கெட்ட வேளையில் அவன் வந்து நிற்பதைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒரே ஒரு வாய் கேட்டாள். நான் குடுக்கலை."

"யாரு? என்ன?"

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். குடை, கிண்ணம், கரண்டி, அவள் பார்த்த பார்வை. "குடுக்காததனால பிழைச்சாளா? அதுவும் இல்லை. போகத்தான் போனாள். அரைக் கரண்டி. என் கை ஏன் வரலை?"

மனைவி கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"நான் குடுத்தேங்க."

"என்ன?"

"தினமும். நீங்க வேலைக்குப் போனப்புறம். மத்தியானம் அண்ணியை நிமித்தி உட்கார வச்சு, அரைக் கரண்டி. போன மழைக்காலத்துலேர்ந்து. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. 'அவன் பயந்தாங்கொள்ளி, தாங்க மாட்டான்'னாங்க."

அவனுக்குள் முதலில் எழுந்தது கோபம்தான். கை ஓங்கவில்லை, குரலும் எழவில்லை. ஆனால் அவன் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. நான்தான் கொன்னுட்டேனா? மூணு வாரமா எனக்குள்ளயே இதைக் கேட்டுக்கிட்டிருக்கேன். ராத்திரி பகல் தூக்கமில்லை. நீங்க சாப்பிடலைன்னு மட்டும் நீங்க நினைக்கறீங்க. நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

அவன் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஒரே வீட்டுக்குள் அவள் இப்படி உருகிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

"வெறும் எச்சில் நுரையீரல்ல இறங்கினாலே இந்தச் சளி வரும்னு டாக்டர் சொன்னார்ல," என்றான்.

"எனக்கும் அதையேதான் சொன்னார். உங்களால அதை நம்ப முடியுதா?"

அவன் அலமாரியில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்தான். கொஞ்சம் பொறுத்து அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னென்ன குடுத்தே?"

"டீ. மீன் குழம்பு. நீங்க சாப்பிட்டு மிச்சம் வச்ச பருப்பு. ஒரு தடவை ஊறுகாய்த் தண்ணி. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, அப்படியே சின்னப் பிள்ளை மாதிரி..." அவள் குரல் உடைந்தது. "அரை மணி நேரம் நாக்குலயே வச்சிருப்பாங்க."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் சொல்ல வந்ததை நிறுத்தி, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியது அவனுக்குத் தெரிந்தது.

"சொல்லு."

"நீங்க குடுக்காம வந்தீங்களே, அதுக்கு மறுநாள் ஐஸ்கிரீம் வேணும்னு கேக்கலை. 'நேத்து மாம்பழ ஐஸ்கிரீம் பாத்தேன்'னு மட்டும் சொன்னாங்க. நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். வாயை மூடிக்கிட்டாங்க. 'இது நான் அவன்கிட்ட கேட்டது. அவன் குடுக்கட்டும்'னாங்க."

வெளியே யாரோ வண்டியை நிறுத்தி இறங்கும் சத்தம். மாடியில் யாரோ வாளியை இழுத்தார்கள்.

"கோவமா சொன்னாளா?"

"இல்லைங்க. அடுத்த ஞாயிறு நிச்சயம் குடுப்பான்னு சொன்னாங்க. அந்த ஞாயிறு அவங்களுக்குக் களைப்பா இருந்துச்சு, வெளியில போகலை."

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலும் அழாதவன், சிதையில் கடைசிக் கட்டையை வைக்கும்போதும் அழாதவன், வாய்விட்டு அழுதான். அவன் மனைவி அவனைத் தேற்றவில்லை. அவளாலும் முடியவில்லை. கையை மட்டும் நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.