கம்பளிக்குள் எபனேசர்

மீன் ஏலக்கூடத்தில் வாங்கிய ஐஸ் துண்டுகளோடு ஜீவமணி வாசலில் செருப்பைக் கழற்றியபோது, வீட்டுக்குள் விசில் சத்தம் கேட்டது.

கூடத்தில் அவள் கணவன் எபனேசர் ஒரு சட்டிமேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். தலையோடு மூடிய கம்பளி. நொச்சியிலை வாசம். கம்பளியின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தாள், நாசரேத்திலிருந்து அன்று வந்திருந்த அவன் அக்கா இன்பமணி.

"வாளா! தொண்டைக் கட்டுக்கு ஐஸா? நல்லா வைத்தியம் பாக்குத! நொச்சி போட்டு ஆவி பிடிக்க வச்சிருக்கேன்."

"மதினி, விடுங்க!"

"சின்னதுலயே இவன் இப்படித்தான். ஆவின்னா துள்ளுவான்."

கம்பளி துள்ளியது. விசில் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

துறைமுகத்தில் மூட்டைக் கணக்கைக் கூவிக் கூவி எபனேசரின் குரல்நாணில் சதை வளர்ந்திருந்தது. மூன்று நாளுக்கு முன் சென்னையில், புதிதாக வந்த லேசர் மெஷினால் அதைச் சுட்டு எடுத்திருந்தார்கள். "வெந்த இடம் வீங்கும். சூடு ஆகாது. ஐஸ் சப்பட்டும். ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பேசாதே என்றதால்தான், ஆபரேஷன் நடந்ததே தெரியாமல் வந்த அக்காவிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்ல நினைத்தாலும் முடியாது.

ஜீவமணி கம்பளியைப் பிடுங்கினாள். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே இழுத்தது.

இன்பமணி தன் கைகளைப் பார்த்தாள். "ஐயோ, நான்லா பிடிச்சி அமுக்கினேன்..."

ரிக்‌ஷாவில் அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்தில் ஐஸை ஒற்றியபடி போனாள் ஜீவமணி. இன்பமணி பின்னாலேயே ஓடி வந்தாள். அடுத்த தெருவில் டாக்டர் சங்கரலிங்கத்தின் ஆஸ்பத்திரி. அவர் எபனேசரின் வாயருகே காதை வைத்துக் கேட்டார். வீக்கம் வடிய ஊசி போட்டார், ஆக்ஸிஜன் வைத்தார்.

"ஊசி வேலை செய்ய நேரமாகும். அதுவரைக்கும் தாங்கலைன்னா மூச்சு போக கழுத்துல ஓட்டை போடணும்."

"கத்தி வேண்டாம் டாக்டர்!" இன்பமணி அலறினாள். "எந்தம்பி கழுத்த அறுக்காதீங்க!"

விசில் மெலிந்தது. பிறகு நின்றது.

"கொறைஞ்சிட்டு பாத்தியாளா!" என்றாள் இன்பமணி.

ஜீவமணி அவன் மூக்கருகே புறங்கையை வைத்தாள். காற்றே இல்லை. நெஞ்சு மட்டும் வெறுமனே ஏறி இறங்கியது. கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அறுங்க டாக்டர்."

"ஏளா!"

"அறுங்க!"

கத்தி இறங்கியது. ரத்தம் குமிழியிட்டது. டாக்டர் குழாயைச் செருகியதும், சைக்கிள் டயர் வெடித்தாற்போலக் காற்று சீறியது. எபனேசரின் நெஞ்சு முழுதாக உயர்ந்தது.

"பொழைச்சாரு" என்றார் டாக்டர். "வீக்கம் வடிஞ்சதும் குழாயை எடுத்துரலாம்."

சாயங்காலம் எபனேசர் கண் விழித்தான். சுற்றிலும் தேடினான். கதவுக்கு வெளியே, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்தபடி இன்பமணி நின்றுகொண்டிருந்தாள். அவன் விரலசைத்துக் கூப்பிட்டான்.

அவள் வரவில்லை.

"உள்ள வாங்க மதினி. உங்களத்தான் கூப்பிடுதாவ."

"நான் கிட்ட வந்தா பயந்துருவாம்ளா," என்றாள் இன்பமணி.