சுத்தமான பாதி

தெய்வானை குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல் பிடுங்குகிறாள், அவளைச் சுற்றிச் சரிவில் ஒரு பச்சை இல்லை, மண் சிவப்பாகக் கிடக்கிறது, இல்லை, சிவப்பல்ல, மஞ்சள் ஓடிய சிவப்பு, அல்லது அது மழைக்கு முன்னால் வரும் வெளிச்சத்தின் நிறமாக இருக்கலாம், நான் இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை, அடிக்கடி துவைத்த துணிபோல நினைவும் சாயம் போகிறது, எந்த இடம் வெளுத்தது, எந்த இடம் முதலிலிருந்தே வெள்ளை என்று சொல்ல முடிவதில்லை. ஆனால் அவள் என் மனைவி என்பதும், அந்த மண்ணுக்கு அடியில் எங்கோ எங்கள் மகள் யோகராணி இருந்தாள் என்பதும், அதன்மேல் ஒரு புல் முளைத்துவிடக் கூடாது என்று தெய்வானை உயிரை விட்டுக்கொண்டிருந்தாள் என்பதும் நிச்சயம், இந்த மூன்றையும் நான் கனவில்கூட மாற்றிக் கண்டதில்லை.

அன்றைக்கு விட்டுவிடாமல் மழை, கோத்தகிரிக்குக் கீழே எங்கள் எஸ்டேட்டில் எந்த மலை எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி மழை, காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் தெய்வானை தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் ஈரக்கொழுந்தை உதறிக்கொண்டிருக்கிறேன், மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள், அம்மா, கதவச் சாத்திட்டுப் போ, குளிருது, என்று யோகராணி போர்வைக்குள்ளிருந்தே சொல்லியிருக்கிறாள், தெய்வானை நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுத்தான் வந்தாள், அன்றைக்கு ஒரு முறை என்னிடம் சொன்னதோடு சரி, அப்புறம் அவள் அந்தக் கதவைப் பற்றிப் பேசியதே இல்லை. லாரியிலிருந்து கல் கொட்டியதுபோல ஒரு சத்தம் என்றார்கள், எனக்குச் சத்தம் நினைவில்லை, அதற்குப் பிறகு ஒரு நிமிடம் எல்லா நாய்களும் வாயை மூடிக்கொண்டதுதான் நினைவிருக்கிறது, மேலே இருந்த தேயிலைக் காடு பாயைச் சுருட்டியதுபோல வழுக்கி வந்து, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடுகளை, எங்கள் வீட்டோடு சேர்த்து, வாரிக்கொண்டு ஓடைக்கரையில் போய் நின்றுவிட்டது. தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள், இயந்திரம் வந்தது, மண்ணுக்குள் போனவர்களை ஒவ்வொருவராக எடுத்தார்கள், இரண்டு பேர் மட்டும் கிடைக்கவில்லை, ஒன்று யோகராணி, இன்னொன்று அடுத்த வீட்டுச் சடையாண்டி, பிச்சையம்மாவின் புருஷன், இருமலுக்குச் சுக்குத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்திருந்த மனுஷன். இதற்குமேல் தோண்டினால் மலை திரும்பவும் இறங்கும் என்று நிறுத்திவிட்டார்கள், மண்மேல் பால் தெளித்து, கோடித்துணி விரித்து, இங்கேயே இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டு வந்தோம், எஸ்டேட்டும் அந்தச் சரிவில் இனித் தேயிலை வேண்டாம் என்று விட்டுவிட்டது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு, செத்தவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதைச் சொல்ல, புதைச்ச எடத்துல புல்லு மொளைச்சிருச்சு என்பார்கள், அதனால் பெற்றவள் இருக்கிறவரை குழிமேட்டைச் செதுக்கிச் செதுக்கி வெறும் மண்ணாக வைத்திருப்பாள், இடுகாட்டில் என்றால் மேடு தெரியும், தலைமாடு தெரியும், ஓர் ஆள் நீளம் செதுக்கினால் போதும், யோகராணிக்கு மேடு இல்லை, எங்கே என்று தெரியாதவளுக்குச் சரிவு முழுவதுமே குழிமேடு. அதோடு தெய்வானை பாவாடை கட்டிய வயதிலிருந்து களை வெட்டியவள், தேயிலை நிரைக்குள் ஒரு புல் கண்டால் ஆளை நிற்கவைத்துப் பேசுகிற கங்காணிகளிடம் வளர்ந்தவள், மண் தெரிந்தால்தான் வேலை சுத்தம், பச்சை என்பது அவள் கண்ணுக்கு அழுக்கு. வேலை விட்டதும் கூடையை வைத்துவிட்டு, சுரண்டியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போவாள், ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அங்கேதான், நான் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய்ச் சரிவின் ஓரத்தில் நிற்பேன், அந்த மண்ணில் எனக்குக் கால் வைக்க முடியாது, எங்கே மிதிக்கிறேன் என்று தெரியாமல் எப்படி மிதிப்பது, அவளோ அதிலேயே நடந்தாள், உட்கார்ந்தாள், தவழ்ந்தாள்.

சரிவின் நடுவில் மழை கழுவிவிட்ட ஒரு பெரிய பாறை முதுகு தெரிய நின்றது, அதற்குக் கிழக்கே தெய்வானையின் பாதி என்றும் மேற்கே பிச்சையம்மாவின் பாதி என்றும் எப்படியோ ஆகிவிட்டது, வீடுகள் இருந்த வரிசைப்படி அப்படித்தான் என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள், பிச்சையம்மா தன் பாதியைத் தொடவே இல்லை, ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து பாறைமேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அக்கா, அண்ணன் மேல புல்லு மண்டிக் கெடக்கு, ஒரு நாளாச்சும் செதுக்கி விடக் கூடாதா, என்று தெய்வானை கேட்கிறாள், பிச்சையம்மா சாற்றைத் துப்பிவிட்டுச் சிரிக்கிறாள், அடி போடி, உசுரோட இருக்கயிலயே அந்த ஆளு சவரம் பண்ண மாட்டாரு, தீவாளிக்குத் தீவாளி நான் சண்டை போட்டு உட்கார வைக்கணும், செத்தப்புறமா நான் மொகம் வழிச்சு விடணும், வளரட்டும், ஆடாச்சும் திங்கும், என்கிறாள், தெய்வானைக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, அந்த ஒரு முறைதான், சிரித்துவிட்டுச் சிரித்ததற்காக அழுதாள் என்று நினைக்கிறேன், அல்லது அழுதது வேறொரு நாளாக இருக்கலாம்.

மண் சும்மா இருப்பதில்லை, அதை நான் ஓரத்தில் நின்றபடி பார்த்தேன், எதையும் பார்க்க விரும்பாதவன் தரையைத்தானே பார்ப்பான், பிச்சையம்மாவின் பாதியில் முதலில் புல்கூட வரவில்லை, கல்லின் மேலும் மண்ணின் மேலும் கறுப்பாக, வழுக்கலாக ஒரு தோல் படர்ந்தது, தண்ணீர்த் தொட்டியில் படியுமே அதுபோல, பிறகு அந்தத் தோல்மேல் பாசி, பாசி பிடித்துவைத்த ஈரத்தில் நூல்போல ஒரு புல், புல் காய்ந்து மக்கி, அந்த மக்கலில் பெரணி, இப்படி ஒன்று கிடந்து மட்கின இடத்தில்தான் இன்னொன்று எழுந்தது, காற்று கொண்டுவந்தது பாதி, ஆட்டுப் புழுக்கையில் வந்தது பாதி. தெய்வானையின் பாதியிலும் இதே தோல்தான் படரப் பார்த்தது, அவள் சுரண்டியின் விளிம்பால் வழித்து எறிந்தாள், வெயிலில் அவள் பக்கம் வெடித்துப் பாளமாகும், மழையில் கரைந்து வாய்க்கால் வாய்க்காலாக ஓடும், ஓடிய தடத்தை அவள் கையால் மூடி நிரப்புவாள். எனக்கு அந்தப் பச்சை பிடித்திருந்தது, ரகசியமாகப் பிடித்திருந்தது, அது வந்து மூடிவிட்டால் இந்தப் பக்கம் முகம் திருப்பாமல் நடக்கலாம் என்று இருந்தது, போதும் புள்ள, விட்டுரு, தானா மூடிக்கட்டும், என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூடணுமா, மூடிக் கெடந்தது போதாதா அவளுக்கு, உங்களுக்கு மறக்கணும்னா நீங்க மறங்க, என்னைய ஏன் கூப்புடுறீங்க, என்றாள், அதற்குப் பிறகு எஸ்டேட் எங்களுக்கு மாற்றிக் கொடுத்திருந்த வீட்டில் பேச்சு குறைந்தது, உப்பு எடுங்க, விளக்கை அணைங்க, அவ்வளவுதான், இரண்டு பேர் பேசாமல் இருக்கிற வீட்டில் மூன்றாவது ஆள் இல்லாதது இன்னும் பெரிதாகத் தெரியும்.

பிறகு அந்த ஐப்பசி, எல்லா ஐப்பசியும் எனக்கு இப்போது ஒரே ஐப்பசியாகத்தான் இருக்கிறது, மத்தியானம், ஃபேக்டரி வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறேன், தூரத்தில் ஏதோ பெருமூச்சு விட்டதுபோலக் கேட்டது, கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன், அந்தப் பக்கம் அப்போது ஆட்கள் இல்லை, உயிர் எதுவும் போகவில்லை, ஆனால் தெய்வானையின் பாதி இல்லை. பாறையிலிருந்து கிழக்கே வெட்டியெடுத்ததுபோல மண் முழுவதும் இறங்கி, கீழே ஓடையில் விழுந்து, ஓடை அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தது, அடியில் இருந்த வெளிறிய கல் மட்டும் எலும்புபோல மழையில் நனைந்துகொண்டிருக்கிறது, பாறைக்கு மேற்கே பிச்சையம்மாவின் பாதி, அதே சரிவு, அதே மழை, புல்லும் பெரணியும் உண்ணிச்செடியும் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நிற்கின்றன, ஒரு கைப்பிடி மண் நகரவில்லை. தெய்வானை ஓடைக்குள் இடுப்பளவு நின்று, போகிற கலங்கல் தண்ணீரை இரண்டு கையாலும் அணைத்து அணைத்துப் பிடிக்கிறாள், யோகா, யோகா, என்கிறாள், பிடித்ததெல்லாம் விரலுக்குள் போகிறது, நானும் இறங்கினேன், அவளைப் பிடித்தேன், அவள் கைகள் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தன. அங்கே வந்து நின்ற அத்தனை பேரும் இரண்டு பாதியையும் பார்த்தார்கள், கண் இருக்கிறவர்களுக்கு ஒருவர் சொல்லவேண்டியது இல்லை, அதனால் யாரும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

அன்று அடுப்பங்கரையில் ஈரத்துணியோடு உட்கார்ந்தபடி ஏங்க, நானாங்க அவளத் தள்ளிவிட்டேன், என்று அவள் கேட்டாள், மழை, என்றேன், மழைதான் புள்ள, இந்த வருசம் பேய்மழை, என்றேன், அந்தப் பாதிக்கும் அதே மழைதானே என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிச்சையம்மா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள், வாயில் வெற்றிலை இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றுதான், கஞ்சியை வைத்துவிட்டு, தெய்வானையின் தலையைத் துவட்டிக்கொண்டே, அடியே, இங்கிட்டு உன் புள்ள, அங்கிட்டு என் ஆளுன்னு நாமதான் பங்கு பிரிச்சோம், அந்தப் பாறை அதுக்கு முந்தி வெளியவே தெரியல, மண்ணுக்குள்ள யாருடி கோடு போட்டா, உருண்டு வந்த மண்ணு, என் ஆளு ஆத்தோட போயிருக்கலாம், உன் புள்ள என் பக்கம் கெடக்கலாம், யாரு கண்டா, என்றாள், தெய்வானை துவட்டுகிற கையைப் பிடித்து நிறுத்தி, அப்படியுமா இருக்கும் அக்கா, என்று கேட்டாள், இருக்கும்டி, இருக்காதுன்னு எவன் வந்து சொல்லுவான், என்றாள் பிச்சையம்மா. தன் புருஷனைத் தண்ணீரில் விட்டு என் மகளை மண்ணுக்குக் கொடுத்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை, கஞ்சி ஆறுகிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் தெய்வானை சரிவுக்குப் போனாள், வெறுங்கையோடு போனாள், மேற்குப் பாதியின் ஓரத்தில் உட்காருவாள், புல்லைத் தொடக்கூட மாட்டாள், நான் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன், பேச்சு இல்லை, இது வேறு மாதிரியான பேச்சில்லாமை, இதில் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்கும். கிழக்கே அந்த வெறும் கல்லில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, கறுப்புத் தோல், பாசி, நூல் புல், இந்த முறை வழிக்க ஆளில்லை, பாறையைச் சுற்றிக்கொண்டு மேற்கிலிருந்து பெரணி வேர் ஊர்ந்து வந்தது, புல்லின் விதை வந்தது, கொண்டைக்குருவிகள் அந்தப் பக்கம் தின்றுவிட்டு இந்தப் பக்கம் எச்சமிட்டன, தவிட்டுப்பழச் செடி வந்தது, உண்ணி வந்து எல்லாவற்றையும் மூடி ஆளே நுழைய முடியாத புதராயிற்று, இனி இதுதான் என்று நினைத்தேன், ஆனால் வருடங்கள் போகப் போகப் புதரின் நிழலுக்குள் வெயில் படாமல் நாவல் கன்று ஒன்று எழுந்து, பெயர் தெரியாத சோலை மரங்கள் எழுந்து, அவை தலைக்குமேல் போனதும் கீழே உண்ணி வெளிச்சமில்லாமல் காய்ந்தது, புல் எப்போதோ போய்விட்டது, தங்களைத் தாங்கி நிறுத்தியவற்றை நிழல் போட்டுக் கொன்றுதான் அவை காடாயின, முதலில் வந்த எதுவும் கடைசியில் அங்கே இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மாலை காட்டெருமை ஒன்று மரங்களுக்கிடையே நின்று எங்களைப் பார்த்தது, வீடு இருந்த எடம் எதுங்க, என்று தெய்வானை மெல்லக் கேட்டாள், நான் கையை நீட்டினேன், நீட்டிய கை எங்கே நிற்பது என்று தெரியாமல் அப்படியே இருந்தது, எங்களுக்கு இனி அடையாளம் தெரியவில்லை, அவள் அழவில்லை, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், நான் செத்தா என்மேல என்ன மொளைச்சாலும் புடுங்காதீங்க, என்றாள்.

பிச்சையம்மா நெஞ்சுச்சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஜீப்பிலேயே இறந்தாள், அவளுடைய ஆட்டை அவள் தங்கை மகன் கொண்டுபோனான். லயத்தில் மிச்சம் இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். தெய்வானைக்குச் சிறுநீரகம் கெட்டு, கொஞ்ச காலம் படுத்திருந்து, ஒரு தை மாதம் போய்ச் சேர்ந்தாள், எஸ்டேட் இடுகாட்டில் கிடத்தினோம், மேட்டை யாரும் செதுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் மேட்டுப்பாளையத்தில் ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் காவல் இருக்கிறேன், முழங்கால் மடங்குவதில்லை, மலையேறி வருடங்கள் ஆகின்றன, அவள்மேல் என்ன முளைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சடையாண்டியும் யோகராணியும் கிடைக்கவில்லை.