தறியடக்கி

அருப்புக்கோட்டையில் சௌந்தரபாண்டியன் வீட்டு மாடியில், பாட்டுப் பதிவு ஸ்டுடியோக்களுக்கான மைக் பெட்டிகள் தயாராகும். மகன் ஆனந்தகுமார் சால்டரிங் வைப்பான். பிளஸ் ஒன் படிக்கும் மகள் சுபத்ரா மூடியை முடுக்குவாள். இந்த வருசம் புதிதாக ஒரு சாப்ட்வேரும் செய்திருந்தார்கள். பெயர் தறியடக்கி. விசைத்தறி ஓடுகிற தெருவில் பாடினாலும், தறிச் சத்தத்தை மட்டும் உருவி எடுத்துவிடும்.

எது இரைச்சல் என்று அதற்குப் பழக்க வேண்டுமே. பக்கத்துத் தறிக்கூடத்தில் மாசக்கணக்கில் மைக் வைத்தார்கள். காவலுக்கு சுபத்ரா.

"சும்மா உக்காராம பேச்சுப் போட்டிக்குப் படி தாயி. அந்த எரைச்சல்ல உங்கொரலு உனக்கே கேக்காது" என்றார் அப்பா. அவளும் தொண்டை கிழியப் பேசிப் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தறிகளுக்கு லீவு, தெருவே செத்துக் கிடந்தது. மதுரை ஸ்டுடியோக்களுக்குத் தறியடக்கியை அன்றே அனுப்பியாக வேண்டும். கடைசியாக ஒரு சோதனை. அண்ணன் மைக்கில் பேசியது ஹெட்போனில் கணீரென்று விழுந்தது. அடுத்து சுபத்ரா பேசினாள். மூச்சு மட்டும் வந்தது.

"பேசு புள்ள. வெக்கமாக்கும்!"

"பேசிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்."

ஆனந்தகுமார் திரையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "அப்பா, இது இவ கொரலையும் தறின்னு படிச்சு வச்சிருக்கு."

"ஒத்தப் புள்ள கொரலுதானடா. பாடுறவுகளுக்கு ஒண்ணும் ஆகாது."

சுபத்ரா அப்பா பக்கத்தில் போய் நின்றாள். "என்னைய அழிச்சு அனுப்பாதீகப்பா."

"என்ன தாயி, தொண்ட கட்டிக்கிச்சா? சத்தமாச் சொல்லு."

சத்தமாகத்தான் சொன்னாள். அவர் திரும்பவில்லை. ஹெட்போன் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தது. யார் காதிலும் இல்லை. டீ கொண்டுவந்த அம்மாவிடம் ஓடி, "நீயாவது சொல்லும்மா" என்று கத்தினாள்.

"ஏண்டி மீனு மாதிரி வாயத் தொறந்து மூடுற?" என்று அம்மா டம்ளரை நீட்டினாள்.

சுபத்ரா தொண்டையில் கைவைத்துப் பார்த்தாள். அதிர்ந்தது. காதுக்குத்தான் ஒன்றும் வரவில்லை.

அப்பாவின் விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போனது. பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எதுக்குத் தாயி தடுக்குற? வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்."

சொன்னாள். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் முட்டச் சொன்னாள். அவர் அவள் முகத்தையே பார்த்தபடி கொஞ்ச நேரம் பொறுத்தார்.

பிறகு இடதுகையால் பொத்தானைத் தட்டிவிட்டார்.