பெய்யாத மழையில் பிறந்தவள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைத் திருடி என்று சொல்லக் கூடாது. நான் வேலை பார்க்கும் நூலகத்துக்குத் தினமும் மதியம் அவினோ என்று ஒரு பெண் வருகிறாள். மருத்துவமனைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. சுவரோரம் உட்கார்ந்து, இங்கே இலவசமாகக் கிடைக்கும் இணையத்தில், கென்யாவில் இருக்கும் புருஷனையும் மகளையும் கூப்பிடுகிறாள். அன்றைக்குத் தான் பார்த்த பிரசவத்தை அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறாள். என்னமாய்ச் சொல்கிறாள்! நான் புத்தகம் அடுக்குகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றுவிடுவேன்.

எங்கள் ஊர் மருத்துவமனையில் இப்போது பிரசவமே பார்ப்பதில்லை.

[இந்த வரியைக் கடைசிக்கு வைத்திருக்க வேண்டும். என்னால் அடக்க முடியவில்லை.]

2

முதல் தொடக்கம்: "அவினோ பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை தூறிக்கொண்டி

அடித்துவிட்டேன். தென் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் இந்த வருஷம் ஒரு சொட்டு விழவில்லை. கதை எழுதுகிறவள் என்பதற்காக இஷ்டத்துக்கு மழை பெய்ய வைக்க முடியுமா?

இரண்டாவது தொடக்கம்: "மாநில அரசு அவளைக் கூப்பிட்டது." இது உண்மை. எங்கள் மாநிலத்துச் சின்ன ஊர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. அதனால் கடல் தாண்டித் தொழில் தெரிந்தவர்களைத் தேடி, இவருக்கு விசா கொடுங்கள் என்று மாநிலமே பரிந்துரைக்கிறது. ஒரே நிபந்தனை, மூன்று வருஷம் இந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவினோ கென்யாவின் கிசுமு நகரத்தில் பிரசவ நர்ஸாக இருந்தவள். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிப் பிறக்கிற பெண் குழந்தைக்கு அவள் ஜனங்கள் வைக்கும் பெயர்தான் அவினோ. அந்த மாதிரி எத்தனையோ குழந்தைகளை அவளே பின்னால் உயிரோடு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

3

முதல் நாள். (வார்டு தலைமை நர்ஸ் லொரெய்ன் என்னிடம் சொன்னது. சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.)

அவினோ உள்ளே நுழைகிறாள். மேசையில் பெரிய கேக், சாண்ட்விச், தேநீர். எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். எல்லாம் தனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த நன்றியுரையைச் சொன்னாள். "இனிமே இந்த ஊருப் புள்ளைங்கள்லாம் என் கையிலதான்" என்று முடித்தாள். கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினாள்.

ஒருத்தரும் கைதட்டவில்லை. லொரெய்ன் மெல்லக் கத்தியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இது உனக்கில்லம்மா. வார்டுக்கு. இன்னியோட பிரசவ வார்ட மூடுறாங்க."

"ஏன்?"

"ஆள் பத்தல."

"எத்தன பேரு குறையுது?"

"ஒருத்தி."

[நம்பும்படி இல்லையே என்று மூன்று பேர் என மாற்றிப் பார்த்தேன். நம்பும்படி ஆகிவிட்டது, ஆனால் பொய்யாகிவிட்டது. ஒருத்திதான். ஓர் அலுவலகம் அவளை வா என்கிறது, இன்னொன்று கதவைச் சாத்துகிறது. இரண்டும் ஒரே அரசு.]

"அதான் நான் வந்துட்டேனே," என்றாள் அவினோ.

"கையெழுத்தாயிடுச்சு. மத்தவங்க வேற ஊருல வேல பாத்துக்கிட்டாங்க."

முதியோர் பிரிவில் காலை வேலை கொடுத்தார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது.

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இப்படிப்பட்டவள் பொய் சொல்வாளா? என் பிரதியில் அவள் ஓவென்று அழுது, புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நிஜத்தில் அவள் அழவில்லை. நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"அவருகிட்ட ஏன் சொல்லல?"

"அவருக்கு அங்க வாத்தியார் வேல. அரசாங்க வேல. என்னை நம்பி ராஜினாமா எழுதிக் குடுத்துட்டாரு. வெள்ளிக்கிழம வரைக்கும் திரும்ப வாங்கிக்கலாமாம். உண்மையச் சொன்னா வாங்கிருவாரு, இங்க வரமாட்டாரு. என் பழைய எடத்துல வேற ஆள் போட்டாச்சு, நான் திரும்பிப் போக முடியாது. மூணு வருஷம் என் புள்ளைக்கி நான் போன்லயே அம்மாவா இருக்கணுமா?"

"தெரிஞ்சா திட்டுவாரே."

"திட்டட்டும். பக்கத்துல உக்காந்து திட்டட்டும்."

5

அவர்கள் லுவோ ஜனங்கள். குழந்தை பிறந்த பொழுதை வைத்துப் பெயர் வைப்பார்கள். விடிந்து பிறந்தவள் அகிஞி, இரவில் பிறந்தவள் அத்தியெனோ, மழையில் பிறந்தவள் அகோத். புருஷன் பெயர் ஒலுவோச், மேகம் மூடிய நாளில் பிறந்தவன். மகள் அவுமா தினமும் பொழுதைக் கேட்டு, அம்மா 'எடுத்த' குழந்தைக்குத் தானே பெயர் சூட்டுகிறாள். நான் ஒரு வரிக்கு நான்கு தாளைக் கிழிக்கிறேன். அவினோவோ பேசப் பேசக் குழந்தைகளைப் பிறக்க வைக்கிறாள். பொறாமையாக இருந்தது.

முடிவு (அ): வார்டு மறுபடி திறக்கிறது, கேக் வருகிறது, இந்த முறை எல்லோரும்

வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்தபின் இதை எழுத மனசு வரவில்லை.

6

இன்று வெள்ளிக்கிழமை. அங்கே விடிந்திருந்தது. ஒலுவோச் கடைசி நாளாகப் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தான். நாளை மறுநாள் விமானம்.

"அம்மா, இன்னிக்கி பாப்பா எப்பப் பொறந்துச்சு?"

"காலைலதான்."

"மறுபடியும் அகிஞியா? போம்மா. மழையில ஒண்ணுகூடப் பொறக்கலியா?"

அவினோ சிரித்தாள். "சரி, சொல்லிடறேன். இன்னிக்கி இங்க நல்ல மழை. அவ பொறக்கறப்ப கூரையெல்லாம் தடதடன்னு."

நான் அடித்துப் போட்ட அதே மழை.

"அகோத்!" என்று அவுமா குதித்தாள். ஒலுவோச்சின் முகம் திரைக்குள் வந்தது.

"அவுமாம்மா. புள்ளைக்கி என்ன துணி எடுத்து வைக்கலாம்னு நான் தெனம் காலைல உங்க ஊரு வானிலையத்தான் பாக்கறேன். அங்க மழையே இல்லையே."

"லேசா ஒரு தூறல்."

"கூரை தடதடன்னு சொன்ன."

அவினோ போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? போன அவங்ககிட்டக் குடு."

என்னிடம் கொடுத்துவிட்டாள். முடியாதென்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. திரையில் டை கட்டிய ஒரு மனிதன். அவன் இடுப்பருகே பாதித் தலை பின்னிய ஒரு சின்னப் பெண்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்கி அங்க மழ பேஞ்சுதா?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது. அவினோ தலையை ஆட்டவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை, என்னையே பார்க்கிறாள். இத்தனை நாள் நான் ஒட்டுக்கேட்டதற்கு இது சரிதான். ஆனால் நான் மட்டுமா கேட்டேன்? முதல் வரியிலிருந்து நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள். இந்தாருங்கள், பிடியுங்கள். என்னால் முடியவில்லை. அவன் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

போனுக்குள்ளிருந்து அவுமா உங்களைத்தான் கேட்கிறாள்.

"அவ அகோத் தானே?"