இரண்டாவது கியர்

இஞ்சின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு அப்படியே இருந்தது. இன்னும் தொடக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஸ்பேனரை எடுத்தாள். உள்ளறையில் அவள் கணவர் கிடந்தார். காலையில் வந்த டாக்டர், "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒர்க்ஷாப் என்பது வீட்டின் முன்னறைதான். அவர் படுத்ததிலிருந்து ஸ்பேனர் பிடிக்கிற கையாலேயே மருந்தும் ஊட்ட வேண்டியிருந்தது. ஆயில் போகச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் உரிந்துவிட்டது. தூக்கம் என்று ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துபோயிற்று.

அந்த மோட்டார் சைக்கிள் அவருடையது. ஊரில் இருக்கிற வண்டிகளையெல்லாம் சரிபண்ணினவரின் சொந்த வண்டி, வீட்டுக்கு எதிரே இருக்கிற மேட்டை இரண்டு பேரோடு ஒருநாளும் இரண்டாவது கியரில் ஏறியதில்லை. பாதியில் ஒரு வளைவு. அங்கே வந்ததும் மூச்சு வாங்கும். முதல் கியருக்கு மாற்றினாலும் முக்கிக்கொண்டு நிற்கும். அவள் இறங்கிக்கொள்வாள். அவர் மட்டும் ஏறிப்போய், உச்சியில் இஞ்சினை அணைக்காமல், கீழே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அவள் மூச்சிரைக்க நடந்து வருவாள்.

"கொஞ்சம் குறைச்சுதான் சாப்பிடேன்" என்பார்.

"வண்டிய சரிபண்ணத் துப்பில்ல, என்னைச் சொல்ல வந்துட்டாரு" என்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டை. படுக்கையில் விழுந்த பிறகுதான் மனுஷர் வழிக்கு வந்தார். வால்வைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்டை மாற்றிவிடலாம் என்றார். உதிரிபாகக் கடைக்காரர் ரேஸ் வண்டிக்கானதை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். "அது நேர் ரோட்டுல பறக்கும், மேட்டுல படுத்துக்கும். நமக்கு மெதுவாப் போறப்ப இழுவைதான் வேணும்" என்று இவர் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று படுத்தபடியே அவர் சொல்லச் சொல்ல, அவள்தான் லேத் பட்டறைக்கு நடையாய் நடந்து, பழைய கேமையே அந்த வடிவத்துக்குத் தேய்த்து வாங்கி வந்தாள்.

இன்று விடிந்ததும் அதைப் பூட்டினாள். தேய்த்த கேம் பழக வேண்டுமென்று சற்று நேரம் ஓடவிட்டாள். இனி இஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் வால்வை அழுத்துகிற டேப்பெட்டுக்கு இடைவெளி வைக்க வேண்டும். ஒரு ராத்திரி விட்டுவிடுவது அவர் வழக்கம். அவளிடம் ஏது ராத்திரி? வண்டி சரியாக ஓடுகிற சத்தத்தை அவர் காதால் கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

சூட்டோடு இடைவெளியை வைத்து, மூடியைப் பூட்டி, கிக்கரை உதைத்தாள்.

"ஏம்மா, சாகக் கெடக்கிறவன் பக்கத்துல இது என்ன கூத்து?" என்று நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். முந்தின நாளே பஸ்ஸில் வந்திருந்தவள். தம்பியைப் பார்த்து அழுது அழுது குரல் கம்மியிருந்தது. கொஞ்சம் கேட்டுவிட்டு, "பரவால்ல, சத்தமே இல்லாம நல்லாத்தான் ஓடுது" என்றாள்.

உள்ளே அவர் விரலை ஆட்டினார். அவள் இஞ்சினை அணைத்துவிட்டு ஓடிப்போய்க் குனிந்தாள்.

"டேப்பெட் சத்தமே கேக்கல."

அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

"சூட்டோட வெச்சியா?"

"ஆமா."

"லேசா டிக் டிக்னு கேக்கணும்டி. இப்படியே விட்டா வால்வு கருகிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நாளைக்கு வரைக்கும் இருப்பீங்களா நீங்க?" கேட்டேவிட்டாள். பின்னாலேயே வந்திருந்த நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அது அடங்கக் காத்திருந்து, "எனக்கென்ன அவசரம்? உனக்குத்தான். ஆறட்டும் விடு" என்றார்.

விட்டாள். அதன்பிறகு முன்னறைக்கும் உள்ளறைக்குமாக நடந்தாள். போய் இஞ்சினைத் தொடுவாள், வந்து அவர் பாதத்தைத் தொடுவாள். மத்தியானம் இஞ்சினில் கை வைத்தபோது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுப்பதற்குள் உள்ளேயிருந்து நாத்தனார், "தம்பீ" என்று அலறினாள்.

அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஐயோ, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கக் கூடாதா என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. எழுந்து போய் அழக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் அவரைக் கொண்டுபோனார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். வீடு காலியானதும் அவள் முன்னறைக்குப் போய் டேப்பெட் மூடியைக் கழற்றினாள்.

"இன்னைக்கேவா?" என்றாள் நாத்தனார்.

"ஆறிடுச்சு அண்ணி."

"எது?"

"இஞ்சின்."

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் மெல்லிய தகட்டை டேப்பெட் இடுக்கில் நுழைத்து, லேசாகப் பிடித்துப் பிடித்து வருகிறதா என்று இழுத்துப் பார்த்து, நட்டை முறுக்கினாள். மறுபடி பார்த்தாள். உதைத்ததும் வண்டி கிளம்பியது. டிக் டிக் என்று சன்னமாகக் கேட்டது. அவள் வண்டியைத் தெருவுக்குத் தள்ளினாள்.

"நான் வேணா பின்னாடி ஒக்காரட்டுமா?"

"வேணாம் அண்ணி."

இரண்டாவது கியரில் மேட்டைப் பிடித்தாள். வளைவு வந்ததும் இறங்குவதற்காக உடம்பு தானாக ஒருபக்கம் சாய்ந்தது. வண்டி நிற்கவில்லை. திணறாமல், ஒரே சீராக இழுத்துக்கொண்டு போயிற்று.

"ஏறிடுச்சே! முக்காம ஏறிடுச்சே!" கீழேயிருந்து நாத்தனார் கத்தினாள்.

ஏறாமல் என்ன செய்யும்? ஒருத்தி பாரத்துக்கு எந்த வண்டியும்தான் ஏறும்.

உச்சியில் ஓரமாக நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கீழே வளைவைப் பார்த்தபடி இருந்தாள்.