சேற்றுப் பேயின் நான்கு பிரதிகள்

பீலிக்ஸ் ஒருநாளும் பேய்ப்படத்துக்குப் பயந்தவர் அல்ல. மட்டக்களப்பு நகரில் எத்தனையோ வருடம் வீடியோக் கடை நடத்திய மனிதருக்குப் பேயும் ஒன்றுதான், கதாநாயகனும் ஒன்றுதான். இரண்டும் வாடகைக்குப் போய்ப் பழுதாகாமல் திரும்பி வந்தால் சரி. அப்படிப்பட்டவர் சுனாமிக்குப் பிறகு ஒரேயொரு பழைய பேய்ப்படத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்தார். ஊர் முதலில் வாய்க்குள் சிரித்தது. காரணம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டது.

அது ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆங்கிலக் கம்பனி வாவிக்கரையில் முகாம் போட்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வானத்திலிருந்து விழுந்த கல்லொன்று வாவியின் அடியில் கிடந்து, சேற்றையே உடம்பாக்கிக்கொண்டு எழும்பி ஊருக்குள் வரும். விஞ்ஞானி ஒருவர் வாயில் சுங்கான் வைத்துப் புகைத்தபடி அதற்கு விளக்கம் சொல்லுவார். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சாக்குக்குக் கீழே பேயின் சப்பாத்துத் தெரியும். ஆங்கிலப் பெயரை மறந்துபோய், ஊரில் எல்லோரும் அதைச் சேற்றுப் பேய் என்றே சொன்னார்கள். அதில் ஓர் இடத்தில், துறையடியில் விளையாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பேயைக் கண்டு சிதறி ஓடவேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரக் கம்பனிக்கு என்ன விசரா? இங்கேயிருந்த, போர்த்துக்கீச, ஒல்லாந்த வழிவந்த பறங்கிப் பிள்ளைகளில் வெளிறலாக இருந்தவர்களைப் பொறுக்கியெடுத்து, கஞ்சி போட்ட சட்டை மாட்டி ஓடவிட்டார்கள். எல்லோருக்கும் கடைசியாக ஓடி, நடுவில் ஒருதரம் நின்று திரும்பிப் பார்க்கும் சிறுமி ஒருத்தி இருப்பாள். அவள்தான் பீலிக்ஸின் மனைவி ஐரீன்.

பெரியவளான ஐரீனுக்குக் கமெரா என்றால் வேப்பங்காய். யாராவது படம் எடுக்கப் போனால் தலையைக் குனிவாள், இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவரின் தோளுக்குப் பின்னால் போய்விடுவாள். ஆனால் சேற்றுப் பேயைப் பற்றிப் பேச்செடுத்தால் அவளைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வந்த விருந்தினர் எல்லோரும் கேக்கைத் தின்றுவிட்டு அந்தப் படத்தையும் பார்த்தாக வேண்டும். “பொறுங்க, பொறுங்க, இப்ப நான் வாறன் பாருங்க,” என்று திரைக்குக் கிட்டப் போய் நின்று விரலால் காட்டுவாள். அந்த நேரம் அவளுடைய முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே பீலிக்ஸ், பிரதிக்குப் பிரதி எடுத்து முகமெல்லாம் மங்கிப்போன அந்தக் கசெட்டைப் பொன்போலப் பாதுகாத்தார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை. விடுமுறையில்தான் வியாபாரம் என்று பீலிக்ஸ் கடை திறக்க நகரத்துக்குப் போயிருந்தார். ஐரீனின் தங்கை இவோன், கல்யாணம் கட்டாமல் அவர்களோடேயே இருந்தவள், பூசைக்குப் போன இடத்தில் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கடலோரம் டச்பாரில் இருந்த வீட்டில் ஐரீன் மட்டும் விருந்துக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடல் வந்து டச்பாரையே துடைத்துக்கொண்டு போனது. வீடு, கட்டில், அல்பங்கள், விருந்தினருக்குப் போட்டுக்காட்டக் கொண்டுவந்திருந்த அந்தக் கசெட், ஐரீன், எல்லாம் ஒன்றாகப் போயின. உடலும் அகப்படவில்லை.

பிறகுதான் பீலிக்ஸுக்கு விளங்கியது, அவளுடைய ஒரு படம்கூடத் தன்னிடம் இல்லையென்று. கல்யாணப் படம் எடுத்த ஸ்டூடியோ தொண்ணூறாம் ஆண்டு எரிந்து போயிருந்தது. அடையாள அட்டைக்குக் கொடுத்த படமாவது கிடைக்குமா என்று கொழும்புவரை போய்க் கேட்டு, வெறுங்கையோடு திரும்பினார். மெல்பேர்னில் இருந்த தம்பி மெல்றோய் தன் பெட்டியெல்லாம் கிண்டிக் கல்யாணத்தன்று எடுத்த படமொன்றை அனுப்பினான். அதில் கேக் நன்றாக விழுந்திருந்தது. கேக்குக்குப் பின்னால் ஒரு வெள்ளை முக்காடு தெரிந்தது.

டச்பார்ச் சனம் சேர்ந்து கோயிலடியில் ஒரு நினைவுக்கல் எழுப்பியது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் முட்டை வடிவத்தில் ஒரு பீங்கான் படம். உடல் கிடைக்காதவர்களுக்கு அதுதான் கல்லறை; அதைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுத்தான் மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஐரீனின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பீங்கான் பதிக்காத பள்ளம் இருந்தது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அழ, பீலிக்ஸ் பள்ளத்தைப் பார்த்து அழுதார். சிறுபிள்ளை முகமென்றாலும் அவளுடைய முகம்தானே, அதையாவது பதித்துவிட வேண்டுமென்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

முதலில் கிடைத்தது ஒரு வீசிடி. ஏறாவூரில் வீசிடி விற்ற கச்சி முகம்மது எங்கெங்கோ விசாரித்துத் தேடிக் கொடுத்தார்.

“பீலிக்ஸ் அண்ணன், இது டீவியில ஓடக்குள்ள புடிச்சது. கொஞ்சம் மங்கல்தான். ஆனா பேய் வடிவா வரும்.”

“எனக்குப் பேய் வேணாம் தம்பி.”

கடலுக்கு வீட்டைக் கொடுத்தவர்களுக்கென்று திராய்மடுவில் கட்டிக்கொடுத்த புதுவீட்டில் வைத்து அதைப் போட்டுப் பார்த்தார். சிறுமி முழுதாக வந்தாள். தலையிலிருந்து கால்வரை, கழுத்தில் கட்டிய நாடாவும் சட்டையில் போட்ட பூவேலையும்கூட. முகம் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து, நாலைந்து சாம்பல் சதுரமாக நின்றது. கண் எது, வாய் எது என்று அவராகப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, மெல்றோய் பழைய சாமான் சந்தையில் வாங்கி அனுப்பிய கசெட். அதில் படம் நல்ல துலக்கம். ஆனால் தயாரித்த புண்ணியவான்கள் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடக்கவென்று இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். சிறுமி ஓடுவது வலதுபக்க ஓரத்தில். அவள் நின்று திரும்பும்போது ஒரு காதும் பாதிக் கன்னமும் தெரிந்தன, மிச்சம் கண்ணாடிக்கு வெளியே போய்விட்டது. பீலிக்ஸ் தொலைக்காட்சியின் பக்கவாட்டில் போய் நின்றுகூடப் பார்த்தார். கடை வைத்திருந்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் போய் நின்று பார்த்தார்.

மூன்றாவது ஒரு டிவிடி. தியேட்டரில் காட்டிய அதே அளவில் என்று உறையில் பெருமையாகப் போட்டிருந்தது. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டி. பெரியவர்களின் தலையெல்லாம் அச்சொட்டாக வந்தது. பிள்ளைகள் கட்டை அல்லவா? கீழ்ப்பட்டி அவர்களை விழுங்கிவிட்டது. ஐரீன் ஓடவேண்டிய இடத்தில் தலையில் கட்டிய றிபன் மட்டும் துள்ளிக்கொண்டு போனது.

பீலிக்ஸ் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. வீசிடியிலிருந்து நெற்றி, கசெட்டிலிருந்து கன்னம், டிவிடியிலிருந்து றிபன் என்று ஒவ்வொரு நாளும் மாற்றி மாற்றிப் போட்டு, மூன்றையும் மனதுக்குள் ஒட்டி ஒரு பிள்ளையை உண்டாக்கினார். பின்னேரங்களில் வேறு வேலையே இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் இவோன் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். அக்காவை நினைத்துத் தாங்கமாட்டாமல் போகிறாள் என்று பீலிக்ஸ் எண்ணிக்கொண்டார்.

நான்காவது பிரதி வந்தது இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்தில். மூலச்சுருளையே தேடியெடுத்து, கழுவித் துடைத்து, ஒரு ஓரமும் வெட்டாமல் புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள் என்று மெல்றோய் தொலைபேசியில் துள்ளினான். “அண்ணா, பேய்ட சப்பாத்து நூலும் தெரியுது!” பொதி கைக்கு வந்த கிழமைதான் வன்னியில் யுத்தம் எல்லாம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. சந்தியில் சிலர் பட்டாசு கொளுத்தினார்கள். தமிழ்ச் சனம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது.

பீலிக்ஸ் பொதியோடு நேரே நல்லரத்தினத்தின் ஸ்டூடியோவுக்குப் போனார். பீங்கான் படம் செய்பவர் அவர்தான். அங்கே காத்திருப்போர் வாங்கில் இடமில்லை. வன்னியில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் கையில் சின்னச் சின்னப் படங்களோடு இருந்தார்கள். பெருப்பித்துத் தரச் சொல்லி, தூக்கிப் பிடித்துக்கொண்டு தேடிப்போக. ஒருத்தி தன் மகளின் பள்ளிக்கூடப் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். பீலிக்ஸுக்கு அவளைப் பார்த்துப் பொறாமை வந்தது. இப்படியொரு பொறாமையும் மனிசனுக்கு வருமா என்று வெட்கமும் வந்தது.

“இந்தமுறை முகம் கிடைக்குமா, பீலிக்ஸ்?” என்று கேட்டார் நல்லரத்தினம். “கண் தெரியாத படத்தைப் பீங்கான்ல போட்டா சனம் எதைப் பார்த்துக் கும்பிடும், சொல்லுங்க?”

“கிடைக்கும். சப்பாத்து நூலே தெரியுதாம்.”

“அப்ப எந்த இடமெண்டு பார்த்து வைங்க. நாளைக்குக் கொண்டுவாங்க, எடுத்துத் தாறன்.”

வீட்டுக்கு வந்ததும் இவோனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். “இண்டைக்கு நீ எங்கயும் எழும்பிப் போகக் கூடாது. இதோட எல்லாம் முடிஞ்சுது.” அவள் கதிரையின் நுனியில் இருந்தாள்.

படம் ஓடியது. மெல்றோய் சொன்னதில் பொய்யில்லை. வாவி நேற்று எடுத்தது மாதிரி மினுங்கியது. துறையடிக் கட்டையில் ஒட்டிய சிப்பியைக்கூட எண்ணலாம். பிள்ளைகள் ஓடினார்கள். கடைசிச் சிறுமி வந்தாள், நின்றாள், திரும்பினாள். பீலிக்ஸ் பொத்தானை அமத்தினார்.

முகம். கண், மூக்கு, வாய், எல்லாம் உள்ள ஒரு முழு முகம். பீலிக்ஸ் வாய்விட்டு அழுதார். இத்தனை காலம் அலைந்ததற்குக் கடவுள் கண்திறந்தார் என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, சிறுமியின் இடது கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

“தூசி,” என்றார். “இவ்வளவு கழுவியும் ஒரு தூசியை விட்டிட்டாங்க, பாரன்.”

கடைக்காரப் புத்தி சும்மா இருக்குமா? சுருளில் விழுந்த தூசி ஒரு படச்சட்டத்தில்தான் இருக்கும், அடுத்த சட்டத்தில் காணாமல் போய்விடும். தூசி இல்லாத சட்டமாகப் பார்த்து நல்லரத்தினத்துக்குக் கொடுக்கலாம் என்று பொத்தானை ஒவ்வொன்றாகத் தட்டினார். அடுத்த சட்டத்திலும் புள்ளி இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. முகம் திரும்பத் திரும்பப் புள்ளியும் கூடவே திரும்பியது. பின்னுக்கு ஓடவிட்டார், முன்னுக்கு ஓடவிட்டார். அது தூசியாகச் சம்மதிக்கவில்லை.

அது ஒரு மச்சம்.

பீலிக்ஸ் மெல்லத் தலையைத் திருப்பினார். பக்கத்துக் கதிரையில் இவோன் இருந்தாள். அவளுடைய இடது கண்ணுக்குக் கீழே, தோல் சுருங்கிய இடத்தில், அதே மச்சம் இருந்தது. ஒரே வீட்டில் ஆயிரம் தரம் பார்த்த மச்சம்.

“இவோன்.”

“அவளுக்கு அண்டைக்குக் கொப்புளிப்பான்,” என்றாள் இவோன், திரையைப் பார்த்தபடி. “அவளைத்தான் தெரிஞ்செடுத்தவங்க. மம்மி சட்டையும் தைச்சுப் போட்டா. விடிய எழும்பினா மேலெல்லாம் கொப்புளம். ரெண்டு பேரும் ஒரே அளவுதானே, அவள்ற சட்டையை எனக்குப் போட்டு அனுப்பிட்டா. நான் அழுதுகொண்டு போனன். துறையடிக்கு நேரதான் எங்கட வீடு, அவள் யன்னலால பார்த்து அழுதுகொண்டு நிண்டாள். அதைத்தான் நான் திரும்பிப் பார்த்தது. பேயை இல்ல.”

“என்னட்டச் சொன்னது...”

“உங்களுக்குக் கல்யாணத்துக்கு முதலே அது தான்தான் எண்டு சொல்லிட்டாள். மறுகா எப்பிடி மாத்துற? ‘சொல்லிராத புள்ள’ எண்டு என்ட கையைப் பிடிச்சாள். கிடக்கட்டும், ஒரு சட்டைதானே எண்டு நினைச்சன். கடல் வந்த பிறகு உங்களுக்கு வேறொண்டும் இல்ல. நான் எந்த வாயால சொல்லுவன், பீலிக்ஸ்? முகம் தெரியாத வரைக்கும் அது அவளாவே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

பீலிக்ஸ் கோபப்பட முயன்றார். யாரோடு கோபிப்பது? இருப்பவளோடு கோபிக்க மனம் வரவில்லை, போனவளோடு கோபிக்க வழியில்லை. சந்தியில் இன்னொரு பட்டாசுச் சரம் வெடித்து ஓய்ந்தது. திரையில் சிறுமி அசையாமல் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொலைக்காட்சியை நிறுத்தினார். போகட்டும், படம் இல்லாவிட்டால் போகட்டும், இவ்வளவு காலம் கூட வாழ்ந்த மனுசி மனதில் இல்லாமலா போவாள் என்று கண்ணை இறுக மூடினார். துறையடி வந்தது. றிபன் கட்டிய பிள்ளை ஓடிவந்து, நின்று, திரும்பியது. இல்லை, இது இல்லை என்று தலையை உதறி, ஐரீன் கோப்பை கழுவுவதை நினைத்தார், ஐரீன் கேக் வெட்டுவதை நினைத்தார். கை வந்தது. முதுகு வந்தது. அவள் திரும்பும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் முகமே வந்தது. வருடக்கணக்காக, கிடைத்த துண்டுகளையெல்லாம் ஒட்டி ஒட்டி, மனைவி இருந்த இடத்தில் அவரே கொண்டுவந்து வைத்த முகம்.

“இவோன்,” என்றார், கண்ணைத் திறக்காமலே. “ஐரீன்ட முகம் எப்பிடி இருந்தது?”

“என்ன கேக்கிறீங்க?”

“சொல்லு. எப்பிடி இருந்தது?”

இவோன் பயந்துபோய்ச் சொல்லத் தொடங்கினாள். “மூக்கு மம்மிட மூக்கு. கண் கொஞ்சம் பூனைக்கண். சிரிச்சா ஒரு பக்கம்தான் வாய் கோணும். மறுகா, நெத்தியில அந்தக் கொப்புளிப்பான் தழும்பு, உங்களுக்குத் தெரியும்தானே, ரெண்டு புருவத்துக்கும் நடுவில...”

அவர் வேறு ஊர் மனுசி ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோல் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இருந்ததா?” என்று கேட்டார்.